மாமியாருக்கு வந்திருப்பது மறதி நோயா?

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. காசிமேட்டில் மீன் எடுத்து 30 வருஷம் தெருத்தெருவாக விற்றவர். எட்டு மாதம் முன்பு மாமனார் தவறியதிலிருந்து கூடையைத் தொடவில்லை. வயிறு எரியுது, உடம்பு குடையுது என்கிறார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. விடியற்காலை 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அடுப்பை அணைக்க மறக்கிறார். ‘என் மூளையே வேலை செய்யல’ என்று புலம்புகிறார். சர்க்கரைக்குப் பத்து வருஷமாக மாத்திரை. என் கணவர், ‘வயசானா அப்படித்தான்’ என்கிறார். இது மறதி நோயா?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: மாமியாரைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் வேறு ரகம். அதனாலேயே உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

அடுப்பைவிட அந்தப் புலம்பல்தான் என் கண்ணில் பட்டது. மறதி நோய் வந்தவர்கள் பலர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சாப்பிட்டீர்களா என்றால், சாப்பிடாமலே ‘ஆச்சு’ என்று சமாளிப்பார்கள். அந்த நோய் பெரும்பாலும் வருடக்கணக்கில் மெல்ல ஏறும். இவருக்கு எட்டே மாதம், அதுவும் ஒரு சாவுக்குப் பிறகு. எனக்கு மனச்சோர்வு என்றுதான் சந்தேகம். வயதானவர்களிடம் அது அழுகையாக வெளிவருவதைவிட வயிற்று எரிச்சலாக, உடம்பு வலியாக, விடியுமுன் விழிப்பாக வருவது அதிகம். மனசு ஓரிடத்தில் நிற்காதபோது அடுப்பு எங்கே ஞாபகம் வரும்? இரண்டும் சேர்ந்தே இருக்கவும் வாய்ப்புண்டு. அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தானே, அங்கே மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் தைராய்டு, சோடியம், வைட்டமின் பி12 பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மீன் சாப்பிடுகிறவருக்கு பி12 குறையுமா என்று தோன்றும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குறையலாம்.

மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது. நாலு வாரம், சிலருக்கு எட்டு வாரம்கூட ஆகும். ‘பழகிடும்’ என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள். அதற்கு யாரும் அடிமையாவதில்லை. ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. மருந்துக் கடையில் தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். மறதி கூடும், தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு போகும்.

‘நானும் போய்ச் சேர்ந்துடறேன்’ என்று அவர் சொன்னால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வழி தெரியாமல் நின்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416; 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

அப்புறம் உங்கள் கணவர். வயசானால் முட்டி வலிக்கும், முடி நரைக்கும். கூடையோடு வாழ்ந்தவர் கூடையை வெறுப்பதற்கு வயசு காரணமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரே அம்மாவைக் காசிமேட்டுக்குக் கூட்டிப் போகட்டும். செவுளைப் பிரித்துப் பார்ப்பது, விலை பேசுவது எல்லாம் அம்மா பொறுப்பு. முதல் தடவை வர மாட்டேன் என்பார். அடுத்த ஞாயிறும் கூப்பிடச் சொல்லுங்கள்.