ரெவ் லிமிட்டர் இருந்தும் எஞ்சின் ஓவர்-ரெவ் ஆகுமா?

ஆகும்; அதாவது பாதுகாப்பான வேகத்தைத் தாண்டிச் சுழலும். லிமிட்டர் எரிபொருளையோ ஸ்பார்க்கையோ வெட்டி, எஞ்சின் தன் சக்தியால் எல்லை மீறிச் சுற்றுவதை மட்டுமே தடுக்கும். தவறான கியரில் கிளட்ச்சை விட்டால் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். அதை லிமிட்டரால் நிறுத்த முடியாது.

முதல் தலைமுறை ஹொண்டா எஸ்2000 காரைப் பாருங்கள். 3வது கியரில் 8,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 8,000 சுற்று). 4க்கு இழுக்கும்போது லீவரை இடப்பக்கம் அழுத்தினால் 2இல் விழும்; ஆர்பிஎம் சுமார் 11,000-க்குத் தாவும். ரெட்லைனோ, அதாவது எஞ்சினின் பாதுகாப்பான உச்ச வேகமோ, 9,000தான். வால்வை மூடும் ஸ்பிரிங் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. திறந்தபடி நிற்கும் வால்வைப் பிஸ்டன் அடித்து வளைத்துவிடலாம்.

கொழும்பு காலி வீதி நெரிசலில் மெதுவாக ஊரும்போது இந்தப் பயம் வேண்டாம். பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேக வீதிக்கு ஏறினால், தயவுசெய்து லீவரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். 3இலிருந்து நேரே பின்னுக்கு இழுங்கள். அப்புறம், தவறு தெரிந்த கணமே கிளட்ச்சை மிதியுங்கள்.