கோட்டோவும் எலெக்ட்ரிக் கிட்டாரும்

வணக்கம் ஐயா,

சில வாரங்களாக ஜப்பானின் வகாக்கி பேண்ட் என்ற ராக் குழுவின் பாடல்களாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஷாமிசென், கோட்டோ என்ற மரபுத் தந்தி வாத்தியங்களும் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலும் எலெக்ட்ரிக் கிட்டாரோடு சேர்ந்து வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. நண்பனோ, "மரபைக் கடைச்சரக்காக்குகிறார்கள், வெறும் கிமோனோவும் மேக்கப்பும்" என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

மேக்கப் கொஞ்சம் ஓவர்தான், அதை விட்டுவிடுவோம். மரபு கெடுகிறது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கோட்டோ மேதை மியாகி மிச்சியோ, கீழ்ஸ்தாயி போதவில்லை என்று 1921இலேயே பதினேழு தந்திக் கோட்டோவை உருவாக்கியவர். கோட்டோவுக்கும் ஷாகுஹாச்சிக்கும் அவர் 1929இல் அமைத்த 'ஹரு நோ உமி'யை, ரெனே ஷெமே என்ற பிரெஞ்சுக் கலைஞர் குழலின் இடத்தில் வயலினை வைத்து அவரோடு சேர்ந்தே வாசித்தார். இன்று புத்தாண்டு வந்தால் ஜப்பானியக் கடைகளில் கேட்பது அந்த இசைதான்.

நான் கவனிப்பது வேறொன்றை. ஷாமிசெனின் மூன்று தந்திகளில் தடித்தது மட்டும் மேல்முனையில் கழுத்து மரத்தை லேசாக உரசும்படி விட்டிருப்பார்கள். அதனால் ஒரு ரீங்காரம் கூடவே வரும். பெயர் 'சவாரி' (குதிரைச் சவாரி இல்லை!). தம்புராவில் தந்திக்கடியில் நூல் செருகி நாம் வரவழைக்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஒலிப்பதிவில் இதை அழுக்கென்று துடைத்துவிட்டால் மிஞ்சுவது கீபோர்டில் பட்டனை அமுக்கினால் வரும் ஷாமிசென். பல பாப் பாடல்களில் நடப்பது இதுதான்.

வகாக்கி பேண்ட் பெரும்பாலும் இதில் தப்பிவிடுகிறது. அவர்களுடையது ட்சுகரு என்ற வட ஜப்பானிய வட்டாரத்து ஷாமிசென். அகன்ற மீட்டுகட்டை தந்தியோடு நில்லாமல் தோலிலும் 'டப்'பென்று விழும். பாதி தாளவாத்தியம் என்றே சொல்லலாம், டிரம்ஸோடு மல்லுக்கட்டும். பாடகி சுசுஹானா யூகோ ஷிகின் என்ற பழைய கவிதைப் பாட்டுமுறை கற்றவர். ராக் பாட்டிலும் அந்தத் தொண்டைக் குழைவை மறைப்பதில்லை.

கோட்டோ பாடுதான் பாவம். பதின்மூன்று தந்திக்கும் தனித்தனிக் குதிரை (தந்தியைத் தாங்கும் சிறு கட்டை), அவற்றை நகர்த்தித்தான் சுருதி மாற்ற வேண்டும். ஜப்பானிய பாப்பிலோ கடைசிப் பல்லவியில் சட்டென்று சுருதியை ஏற்றுவது ரொம்பப் பிடித்த வழக்கம். அப்போது வாசிப்பவர் ஒன்று அவசரமாகக் குதிரைகளைத் தள்ளவேண்டும், அல்லது இடது கையால் தந்தியை அழுத்திச் சமாளிக்கவேண்டும். போதாக்குறைக்கு கிட்டாரின் உறுமல் வேறு. சில பாடல்களில் கோட்டோ இருப்பதே வீடியோவைப் பார்த்தால்தான் தெரிகிறது.

அந்த இடங்களில் உங்கள் நண்பர் சொல்வது சரி. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.