சேர்ந்தாச்சா, இல்லையா?

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் ஜோடிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னாலும் சொன்னேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேள்வி கேட்கவில்லை, சண்டைக்கு வந்திருக்கிறார்கள். வரட்டும். நான் விமர்சகி இல்லை. எந்த எபிசோடில் யார் யாரைப் பார்த்து முதலில் சிரித்தார் என்று நோட்டில் குறித்து வைக்கிற ஆள். என் வீட்டுக்காரர் டிவி பக்கமாகப் போகும்போதெல்லாம் நின்று ஒரே கேள்வி கேட்பார்: "சேர்ந்தாச்சா?" இல்லை என்றால் போய்விடுவார். ஆச்சு என்றாலும் போய்விடுவார். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

அக்கா, ஹீரோவும் ஹீரோயினும் சேர்ந்துவிட்டால் தொடர் படுத்துவிடும் என்கிறார்களே, நிஜமா?

இந்தப் பேச்சுக்குப் பிறந்த வீடு 'மூன்லைட்டிங்' என்ற அமெரிக்கத் தொடர். 1985 முதல் 1989 வரை ஓடியது. துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி மேடியாக சிபில் ஷெப்பர்ட், அவளிடம் வேலை பார்க்கும் டேவிடாக புரூஸ் வில்லிஸ். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், ஆளுக்கொரு கதவைப் படார் என்று சாத்துவார்கள். பார்க்கிற நமக்குத்தான் மூச்சு வாங்கும். 1987 மார்ச்சில் அவர்களைச் சேர்த்து வைத்தார்கள். அதற்குப் பிறகு தொடர் சரிந்தது. உடனே 'சேர்ந்ததால் செத்தது' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தத் தொடரில் காதல் இழுத்துக்கொண்டே போனாலும் இதைத்தான் சாக்காகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தச் சமயத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். வில்லிஸ் 'டை ஹார்ட்' படத்துக்குப் போய்விட்டார். அடுத்த சீசனில் பல எபிசோடுகளில் இருவரும் ஒரே ஃப்ரேமில் நிற்கவே இல்லை. தொடரை உருவாக்கியவர் வெளியேறினார். 1988-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. எபிசோடு நேரத்துக்குத் தயாராகாமல் பழையதையே மறுபடி போடுவது அதற்கு முன்பிருந்தே அவர்கள் வழக்கம். இவ்வளவையும் விட்டுவிட்டுப் பழியைக் காதல் மேல் போட்டால் எப்படி? அந்த ஜோடியைச் சேர்த்ததால் தொடர் கெடவில்லை. சேர்த்த கையோடு பிரித்து வைத்ததால்தான் கெட்டது.

எதிர்ச்சாட்சி வேண்டுமா? அமெரிக்க 'தி ஆஃபீஸ்'. காகிதம் விற்கும் நிறுவனத்தில் ஜிம் விற்பனையாளன், பாம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். 2006 மே மாதம் அவன் காதலைச் சொல்லும்போது அவளுக்கு வேறொருவனோடு நிச்சயமாகியிருந்தது. 2009 அக்டோபரில் இருவருக்கும் கல்யாணம். தொடர் ஓடியது 2013 வரை! இடையில் ஒரு சீன் உண்டு, மூன்றாம் சீசனின் முடிவில். பாம் கேமராவைப் பார்த்து, ஜிம்மைப் பற்றி மனதைத் தேற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். திடீரென்று கதவைத் திறந்து ஜிம் தலையை நீட்டுவான். இன்றிரவு சாப்பிடப் போகலாமா என்பான். சரி என்பாள். கதவை மூடிக்கொண்டு போய்விடுவான். அவ்வளவுதான். பாம் மறுபடி கேமராவைப் பார்ப்பாள், கண்ணில் தண்ணீர் நிற்கும், தன்னிடம் என்ன கேட்டார்கள் என்பதே மறந்துபோயிருக்கும். ஸ்லோமோஷனும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. என் நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க ஆச்சரியக்குறிதான்.

நூறு எபிசோடாக ஒரே சந்தேகத்தை வைத்து ஜோடியைப் பிரித்து வைத்திருக்கிறார்களே?

இருவர் கையிலும் போன் இருக்கிறது. ஒரு நாள் சார்ஜ் போட்டுத் தொலைக்கட்டும்.

'ரிப்ளை 1988' பார்த்தீர்களா? ஜங்-ஹ்வானுக்குச் செய்தது அநியாயம் இல்லையா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கும் என் அக்காவுக்கும் இதனால் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை, தெரியுமா? பார்க்காதவர்களுக்காக: 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்த 20 எபிசோடு கொரியத் தொடர். ஒரே தெருவில் வளரும் ஐந்து பிள்ளைகள். அதில் ஒரே பெண் டோக்-சன். பிற்காலத்தில் அவள் கணவனோடு உட்கார்ந்து பழையதைப் பேசுவதை அவ்வப்போது காட்டுவார்கள். அந்தக் கணவன் சிறுவயதில் யார் என்பதைத்தான் கடைசிவரை ஒளித்து வைத்தார்கள். வாய் திறந்து பேசாத ஜங்-ஹ்வானா, பதுக் என்ற பலகை ஆட்டத்தில் மேதையான டேக்கா? கொரியாவிலேயே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கட்சிக்குப் பெயரும் வைத்துக்கொண்டு மோதினார்கள்.

நான் ஜங்-ஹ்வான் கட்சி. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் அவள் மேல் யாரும் இடிக்காமல் இருக்க, இரண்டு கையையும் ஊன்றி அரண் மாதிரி நிற்பானே, அந்த எபிசோடிலேயே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் கையில் நரம்பு புடைத்திருக்கும்.

அப்புறம் வந்தது பதினெட்டாம் எபிசோடு. கச்சேரிக்குக் கூட வர வேண்டியவன் ஏமாற்றிவிட, டோக்-சன் தனியாக நிற்கிறாள். செய்தி தெரிந்து ஜங்-ஹ்வான் காரில் பறக்கிறான். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. போய்ச் சேர்ந்தால் அங்கே டேக் மூச்சிரைக்க நிற்கிறான். ஆட வேண்டிய போட்டியையே விட்டுவிட்டு வந்திருக்கிறான். அப்போது ஜங்-ஹ்வான் மனதுக்குள் பேசுவதைக் கேட்டு நான் அழுதேன். குற்றம் சிக்னலுடையது இல்லை, தான் தயங்கித் தயங்கி நின்ற நாட்களுடையது என்பான்.

அநியாயம் என்கிறீர்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் சொன்னேன். இரண்டாம் தடவை பார்த்தபோது டோக்-சன் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு என்ன தெரியும்? பஸ்ஸில் அவன் நரம்பு புடைத்தது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நமக்குக் காட்டிய காதலில் காலே அரைக்கால் பங்குகூட அவளிடம் போய்ச் சேரவில்லை. போதாததற்கு, மோதிரத்தோடு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, 'சும்மா விளையாட்டுக்கு' என்று சிரித்து மழுப்பிவிடுவான். சொல்லாத காதலை கேமராவிடம் மட்டும் சொன்னவன் அவன். இதை அக்காவிடம் போனில் ஒப்புக்கொண்டேன். "இதைத்தானடி அன்றைக்கே சொன்னேன்" என்று அரைமணி நேரம் பேசினாள். இருந்தாலும் என் ஓட்டு அவனுக்கே. புத்தி வேறு, கட்சி வேறு.

என் மகள் யாரைப் பார்த்தாலும் 'ஷிப் பண்றேன்' என்கிறாள். கப்பலுக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்?

கப்பல் இல்லை ஐயா, 'ரிலேஷன்ஷிப்' என்பதன் வால். 1993-ல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் மோல்டர், ஸ்கல்லி இருவரும் சேர வேண்டும் என்று துடித்த ரசிகர்கள் தங்களை 'ரிலேஷன்ஷிப்பர்' என்று சொல்லிக்கொண்டார்கள். அது தேய்ந்து 'ஷிப்பர்' ஆனது. காதலே வேண்டாம், பேயையும் வேற்றுக்கிரகவாசியையும் பிடித்தால் போதும் என்ற எதிர்க்கட்சிக்கு 'நோரோமோ' என்று பெயர். ஷிப்பர்களுக்கு ஒழுங்கான ஒரு முத்தம் கிடைத்தது 1999 நவம்பரில். ஆறு வருடம்! மகளிடம் சொல்லுங்கள், பொறுமை என்றால் அது.

ரசிகர்கள் கூச்சல் போட்டால் கதையில் ஜோடியை மாற்றுவார்களா?

எபிசோடு எடுத்துக்கொண்டே ஒளிபரப்பும் தொடர் என்றால் கட்டாயம் காதில் விழும். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் சாண்ட்லர், மோனிகா இருவரையும் 1998-ல் லண்டனில் ஒரே அறையில் காட்டினார்கள். சின்ன வேடிக்கை, அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார்கள். படப்பிடிப்பைப் பார்க்க வந்த கூட்டம் போட்ட சத்தத்தில் எழுதியவர்களே அசந்துபோனார்கள். 2001-ல் கல்யாணமே ஆகிவிட்டது. முழுவதையும் எடுத்து முடித்துவிட்டு மொத்தமாக வெளியிடும் தொடரில் இந்தப் பருப்பு வேகாது. அங்கே நீங்கள் கத்துவது சுவருக்குத்தான்.

பிரிட்டிஷ் தொடர் 'டௌன்டன் ஆபி'யில் மேரி – மேத்யூவைச் சேர்த்து, குழந்தையும் கொடுத்துவிட்டு, அன்றைக்கே அவனைக் கொன்றார்களே, என்ன கொடுமை மேடம்?

2012 கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பான எபிசோடு அது. பண்டிகையும் அதுவுமாக! பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு கார் ஓட்டி வருவான். நடிகர் இவ்வளவு சிரித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதே மாதிரி ஆயிற்று.

கதைக்குள் காரணம் தேடாதீர்கள். மேத்யூவாக நடித்த டான் ஸ்டீவன்ஸ் தொடரை விட்டுப் போக முடிவு செய்துவிட்டார். 'தி குட் வைஃப்' தொடரில் 2014-ல் கதாநாயகி காதலித்த வக்கீல் வில் கார்ட்னர் நீதிமன்றத்தில் சுடப்பட்டுச் செத்தானே, அங்கேயும் இதே கதைதான், நடிகருக்குப் போக வேண்டும். உயிரோடு அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். மேத்யூ மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு வெளியூர் போனான் என்று எழுதினால், மூன்று சீசனாக நாம் நேசித்தவன் ஒரே நாளில் அயோக்கியனாகிவிடுவான். காதல் பொய்யாகாமல் நடிகரை வெளியே அனுப்ப இவர்களுக்கு சாவு ஒன்றுதான் வழி. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் குணம் கெட்டு வாழ்வதைவிடப் பரவாயில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போகும் ஹீரோவை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. தோழிகள் திட்டுகிறார்கள். தப்பா அக்கா?

ரசிப்பதில் தப்பில்லை தங்கச்சி. நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் ஒன்று கவனி. அந்த சீனில் கேமரா எப்போதும் அவன் முகத்தில்தான் இருக்கும், இசையும் அவன் பக்கம்தான். ஒரு தடவை சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அவள் கால்களை மட்டும் பார். தடுமாறிக்கொண்டு, பாதி ஓட்டமாக, செருப்பு கழன்றுவிடுமோ என்ற பயத்தோடு வருவாள். அதற்குப் பிறகும் பிடித்தால் சரி, அது உன் இஷ்டம். எனக்கு அதோடு விட்டுப்போயிற்று.

ஆணும் பெண்ணும் கடைசிவரை நண்பர்களாகவே இருக்கும் தொடர் ஏதாவது?

'கோலங்கள்'. 2003-ல் தொடங்கி 2009 வரை, 1500 எபிசோடுகளுக்கு மேல். தேவயானியின் அபியும், இயக்குநர் திருச்செல்வமே நடித்த தொல்காப்பியனும். அபியின் மணவாழ்க்கை உடைந்த பிறகு, இந்த இருவரையும் முடிச்சுப் போட்டுவிடலாம் என்று பார்க்கிற எல்லாருக்கும் கை பரபரத்தது, எனக்கும்தான். தினசரித் தொடரில் அத்தனை வருடம் அந்த ஆசையைக் காட்டிவிட்டு, கொடுக்காமல் இருப்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். அவள் 'தொல்ஸ்' என்று கூப்பிடுவதில் உரிமை இருக்கும், வேறெதுவும் இருக்காது. எந்தக் காதல் ட்ராக்கையும்விட எனக்கு அது மேல்.

திரையில் ஜோடியாக நடித்து நிஜத்திலும் சேர்ந்தவர்கள்?

'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' ஜோடி ஹியூன் பின் – சன் யே-ஜின், 2022 மார்ச்சில் திருமணம். அதற்கு முன்பே நம் 'சரவணன் மீனாட்சி' செந்தில் – ஸ்ரீஜா, 2014-ல். இரண்டு செய்தியையும் கேட்டு, பெண் வீட்டுக்காரி மாதிரி பூரித்துப்போனேன். வேறு பல ஜோடிகளையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவர்கள் தனித்தனியாக நலமாக இருக்கிறார்கள்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஜோடி எது? ஒன்றுதான் சொல்ல வேண்டும்.

மறுபடியும் 'டௌன்டன் ஆபி'தான். ஆனால் மேரியும் மேத்யூவும் இல்லை. பங்களாவின் தலைமைப் பணியாளர் கார்சனும், வீட்டு நிர்வாகம் பார்க்கும் மிஸஸ் ஹியூஸும். இருவருக்கும் தலை நரைத்தாயிற்று. 2013 கிறிஸ்துமஸ் எபிசோடின் கடைசியில் வேலைக்காரர்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போவார்கள். தண்ணீரில் இறங்க கார்சன் தயங்குவார், விழுந்துவிடுவோமோ என்று. தடுமாற்றமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பார் அந்த அம்மா. கார்சன் பிடித்துக்கொள்வார். பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, இரண்டு பேரும் கணுக்கால் தண்ணீரில் மெதுவாக நடப்பார்கள். முதுகுதான் தெரியும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வழக்கம்போல வந்து நின்றார். "சேர்ந்தாச்சா?" என்றார். "தெரியலையே" என்றேன். போகவில்லை. உட்கார்ந்தார். சீன் முடிந்ததும் ரிமோட்டை வாங்கிக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார்.