செப்புக் கம்பி போயிற்று, ஃபேக்ஸ் என்ன ஆகும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் டெல்காம் தொலைபேசி நிறுவனத்தின் செப்புக் கம்பி தெருத் தெருவாக ஓய்ந்து வருகிறது. ஃபைபர் வந்த வீடுகளில் பேச்சு கணீரென்று கேட்கிறது. மூலையில் இருக்கும் ஃபேக்ஸ் மெஷின்தான் முரண்டு பிடிக்கிறது. ‘இன்னுமா ஃபேக்ஸ்?’ என்று பிள்ளைகள் சிரிக்கலாம். வக்கீல் அலுவலகமும் மருத்துவ மனுக்களும் கேட்கும்வரை வீட்டில் வேலை பார்ப்பவருக்கு அது தேவைதான்.

ஐயா, வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஃபைபருக்கு மாறி, பழைய போனை இணையத்தோடு சேர்க்கும் ஏடிஏ பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். பேசினால் குறையே இல்லை. ஃபேக்ஸ் மட்டும் இரண்டு பக்கம் போகிறது, மூன்றாவது நான்காவதில் அறுந்துவிடுகிறது. மெஷினை மாற்றிவிடலாமா? – சாட்ஸ்வர்த் வாசகி

மாற்ற வேண்டாம் அம்மா. முதல் இரண்டு பக்கம் போகிறதென்றால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

இணையத் தொலைபேசி குரலை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. பேச்சில் ஒரு துண்டு தொலைந்தாலும் காது அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். ஃபேக்ஸ் அனுப்புவது ஒலி வேடம் போட்ட எண்கள். அங்கே ஒரு துண்டு போனால் ஒரு வரி போயிற்று, சில சமயம் இணைப்பே போயிற்று. மூன்றாம் பக்கத்தில் அறுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரமும் சேவை நிறுவனத்தின் கடிகாரமும் அணுவளவு வேறுபட்டு ஓடும். மலிவான பெட்டியில் அந்தப் பிசகு பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், 200 விநாடியில் சரியாக 20 மில்லிவிநாடி சேர்ந்துவிடும். அதாவது ஒரு முழுத் துண்டு. பெட்டி கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்க்கும், பிறகு ஒன்றை விழுங்கும் அல்லது ஒன்றை இரண்டு முறை சொல்லும். அந்த இடத்தில் எதிர்முனை கையை விரித்துவிடும்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801, 802 வகையாக இருந்தால், அதில் செருகிய சாதாரணப் போனில் நட்சத்திரக் குறியை மூன்று முறை அழுத்தி, பிறகு 02 அழுத்தினால் பெட்டியின் ஐபி முகவரியை அதுவே வாசித்துக் காட்டும். அந்த முகவரியைக் கணினியின் உலாவியில் அடியுங்கள். உள்ளே செய்ய வேண்டியவை:

ஒலியை எண்ணாக்கும் முறைகளின் பட்டியலில் (‘கோடெக்’) ஜி.711 ஏ-லா (பிசிஎம்ஏ என்று எழுதியிருக்கும்) மட்டும் இருக்கட்டும். ஜி.729-ஐக் கடைசிக்குத் தள்ளினால் போதாது, பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். பேச்சை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கும் அந்த முறையில் ஃபேக்ஸ் ஒலி அடையாளமே தெரியாமல் போய்விடும். மௌனத்தை வெட்டும் ‘சைலன்ஸ் சப்ரஷன்’ வேண்டாம். எதிரொலி நீக்கியும் வேண்டாம். வரும் துண்டுகளைச் சற்று நேரம் தேக்கி வைக்கும் ‘ஜிட்டர் பஃபர்’ தானாக ஏறி இறங்கும் நிலையில் இருந்தால், நிலையானது என்று மாற்றுங்கள். பேச்சுக்கு நல்லது செய்ய வைத்த இந்த வசதிகள்தான் ஃபேக்ஸின் கழுத்தைப் பிடிக்கின்றன.

அடுத்தது ‘ஃபேக்ஸ் மோடு’. அங்கே டி.38, பாஸ்-த்ரூ என்று இரண்டு வழி இருக்கும். பாஸ்-த்ரூ ஒலியை ஒலியாகவே அனுப்பும். டி.38-இல் உங்கள் பெட்டியே ஃபேக்ஸ் ஒலியைப் புரிந்துகொண்டு, தகவலாக மாற்றி, ஒவ்வொரு துண்டோடும் முந்தைய துண்டின் நகலையும் சேர்த்து அனுப்பும். கடிகாரப் பிசகு அங்கே தொல்லை தராது. ஆனால் சேவை நிறுவனமும் அதை ஆதரிக்க வேண்டும். போன் செய்து, ‘டி.38 உண்டா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘அழைப்பு உங்களிடமிருந்து வேறு நெட்வொர்க்குக்குப் போகும் இடத்திலும் உண்டா?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பாஸ்-த்ரூவை வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் பக்கம் வேகத்தைக் குறையுங்கள். வாங்கிய அட்டைப்பெட்டியில் சூப்பர் ஜி3 என்று போட்டிருக்கும் மெஷின் 33,600 பிட் வேகத்துக்கு முயலும். இணையத் தொலைபேசியில் அது பெரும்பாலும் எடுபடாது. டி.38-இல் 14,400, பாஸ்-த்ரூவில் 9,600 போதும். பிரதர் மெஷின்களில் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற இடத்தில் ‘பேசிக்’ என்று ஒன்று உண்டு. இணையத் தொலைபேசிக்கென்றே வைத்தது. வேகத்தை 9,600-க்கு இறக்கி, பிழை திருத்தத்தையும் அதுவே அணைத்துவிடும். எச்பியில் ‘ஃபேக்ஸ் ஸ்பீடு’ பகுதியில் ‘ஸ்லோ’வைத் தேர்ந்தெடுங்கள்.

இசிஎம் என்னும் பிழை திருத்தத்தை அணைக்கச் சொல்லித்தான் எல்லோரும் எழுதுவார்கள். கணக்கு அனுப்புகிறவருக்கு நான் கொஞ்சம் தயங்கியே சொல்வேன். அது இருந்தால் கெட்டுப்போன துண்டை மறுபடி கேட்டு வாங்கும். அதனால் நேரம் நீளும், இணைப்பு அறுவதும் உண்டு. அணைத்தால் பக்கம் போய்ச் சேரும், கெட்ட வரி மட்டும் கீறலாக விழும். கடிதத்தில் கீறல் விழுந்தால் பரவாயில்லை. மதிப்புக்கூட்டு வரிக் கணக்கில் விழுந்து 8 என்பது 3 ஆகிவிட்டால் யார் பொறுப்பு? எனவே டி.38 கிடைத்தால் இசிஎம் இருக்கட்டும். பாஸ்-த்ரூ என்றால் அணைத்துவிட்டு, ‘ஃபைன்’ தரத்தில் அனுப்புங்கள். சாதாரணத் தரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரி, ஃபைனில் 7.7. ஒரு வரி போனாலும் எண் தப்பிவிடும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே ஓர் அழைப்புக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒன்று மாற்றுங்கள், ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள், பிறகு அடுத்ததை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாது.

பழைய டெல்காம் சுவர்ப் பொருத்தி வீட்டில் நாலு அறையிலும் இருக்கிறது. ஏடிஏ பெட்டியை ஓர் அறையில் சுவரில் செருகிவிட்டால், ஃபேக்ஸை வேறோர் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறான் மகன். சரியா? – ஃபீனிக்ஸ்

முடியும், ஒரு நிபந்தனையோடு. வெளியிலிருந்து வரும் கம்பியை, அது வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே முற்றாகக் கழற்றியிருக்க வேண்டும். லைன் ரத்தாகிவிட்டது என்பதற்காகக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நினைக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருக்கலாம். அது ஏடிஏவின் வாயில் ஏறினால் பெட்டி போய்விடும்.

முதலில் சுவரை விட்டுவிட்டு, இரண்டு மீட்டர் ஆர்ஜே-11 கம்பியால் பெட்டியின் ‘போன்’ துளையையும் ஃபேக்ஸின் ‘லைன்’ துளையையும் நேராகச் சேர்த்துப் பாருங்கள். ஃபேக்ஸில் ‘எக்ஸ்ட்’ என்று இன்னொரு துளை இருக்கும். அது கூடுதல் போனுக்கு. அதில் செருகிவிட்டு ‘டயல் டோனே இல்லை’ என்கிறவர்கள் நிறையப் பேர். நேர் இணைப்பில் ஃபேக்ஸ் நன்றாக ஓடிய பிறகு சுவர்க் கம்பியை முயலுங்கள். ஏடிஎஸ்எல் காலத்து ஃபில்டர் எங்காவது மாட்டியிருந்தால் கழற்றி எறியுங்கள்.

லோட்ஷெடிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) நேரத்தில் ஃபேக்ஸ் வந்தால் என்ன ஆகிறது? 8,800 எம்ஏஎச் மினி யுபிஎஸ் வாங்கினேன். இரண்டரை மணி நேரம் தாங்கும் என்றார் கடைக்காரர், ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிட்டது. – வெருலம்

கடைக்காரர் பெட்டியில் இருந்ததைத்தான் வாசித்திருக்கிறார். அந்த 8,800 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 8.8-ஐ 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 32.5 வாட்-மணி. 12 வோல்ட்டாக உயர்த்தும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும். கைக்கு 27 வரை வரும். ஃபைபர் முனைப்பெட்டி, ரவுட்டர், ஏடிஏ மூன்றும் சேர்ந்து 15 முதல் 18 வாட் இழுத்தால், 27-ஐ 18-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றரை மணி. இரண்டரை மணி நேர வெட்டைத் தாண்ட 60 வாட்-மணிக்குக் குறையாமல் வாங்குங்கள். எம்ஏஎச்சைப் பார்க்காதீர்கள், வாட்-மணி எவ்வளவு என்று கேளுங்கள். ஏடிஏவுக்குப் பெரும்பாலும் 5 வோல்ட், மற்ற இரண்டுக்கும் 12. கம்பியை மாற்றிச் செருகினால் பெட்டி புகைந்துவிடும். அடாப்டரில் எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஃபேக்ஸ் மெஷினை அதில் மாட்ட முடியாது. லேசர் மெஷினில் மையைச் சுட்டு ஒட்டும் உருளை சூடேறும்போதே பல நூறு வாட் கேட்கும். ஆகவே வெட்டு நேரத்தில் பேச்சு ஓடும், ஃபேக்ஸ் வராது. அனுப்புகிறவர் மெஷின் சில முறை முயன்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும். இன்னொன்று: நினைவகத்தில் வாங்கி வைத்து இன்னும் அச்சிடாத பக்கங்கள், மின்சாரம் போனதும் பல மாடல்களில் அழிந்துவிடும். வெட்டு வரப்போகிறதென்றால் காகிதத் தட்டு காலியாக இருக்கக் கூடாது.

மின்சாரம் திரும்பியதும் மூன்று பெட்டியும் ஒரே நேரத்தில் எழும். ஏடிஏ முந்திக்கொண்டு எழுந்து, இணையம் இல்லை என்று கண்டு, பதிவு செய்யாமல் உட்கார்ந்துவிடும். விளக்கு எரிகிறதே என்று நம்பாமல் டயல் டோன் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஐந்து நிமிடம் கழித்து ஏடிஏவை மட்டும் பிடுங்கிச் செருகினால் போதும்.

பழைய லைன் இருட்டிலும் வேலை செய்தது, எக்ஸ்சேஞ்சே மின்சாரம் கொடுத்ததால். இப்போது அது இல்லை. காவல்துறையின் 10111-க்கு வீட்டுப் போனையே நம்பியிருக்கும் முதியவர்கள் தலைமாட்டில் சார்ஜ் ஏற்றிய கைபேசி இருக்கட்டும். அதிலிருந்து அவசர எண் 112.

எங்கள் கோயில் கமிட்டிக்காக, சிலை வேலை பற்றி சென்னைக்கு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டியிருக்கிறது. டர்பனுக்குள் எல்லாம் போகிறது. சென்னைக்கு மட்டும் போவதே இல்லை. – தொங்காட்

மெஷினில் பதித்து வைத்திருக்கும் எண்ணை முதலில் பாருங்கள். 09 என்று தொடங்கினால் அது பழைய காலத்து வெளிநாட்டு எண். 2007-இல் அது 00 ஆகிவிட்டது. 00 91 44, பிறகு சென்னையின் எட்டு இலக்கம். மொத்தம் 14. சில ஏடிஏவில் ‘டயல் பிளான்’ உள்நாட்டின் பத்து இலக்கத்தோடு வெட்டிவிடும். அதையும் பாருங்கள்.

எண் சரியாக இருந்து, எதிர்முனையின் கீச்சொலியும் கேட்டு, பிறகு அறுகிறதென்றால் வழிதான் கோளாறு. மலிவான வெளிநாட்டு நிமிடங்களைப் பல கை மாற்றி விற்கிறார்கள். நடுவில் யாரோ ஒருவர் ஒலியைச் சுருக்கிவிட்டால், நீங்கள் வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை. தரமான வழி வேண்டும் என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். மெஷினில் ‘ஓவர்சீஸ் மோடு’ இருந்தால் போடுங்கள். அதன்பிறகும் போகவில்லையென்றால் விட்டுவிடுங்கள். சிலையின் அளவுப் படத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவதே மேல். ஃபேக்ஸில் மெல்லிய கோடுகள் எப்படியும் தேய்ந்துதான் போகும்.

சிம் போட்டு ஓடும் எல்டிஇ ரவுட்டரில் ஃபேக்ஸ் ஓடுமா? – லெனேசியா

ஓடும் நாளும் உண்டு. அதை நம்பித் தொழில் நடத்தாதீர்கள்.

மாதத்துக்கு ஏழெட்டுப் பக்கம்தான். ஃபேக்ஸை மின்னஞ்சலில் வாங்கும் 086 எண்ணே போதுமா? வக்கீலுக்கு அனுப்பிய ஃபேக்ஸின் ரிப்போர்ட் சாட்சியாகுமா? – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வாங்குவதற்கு அதுவே போதும், நல்லதும் கூட. லோட்ஷெடிங் அதைத் தொடாது, காகிதமும் மிச்சம். ஆனால் 086 எண்ணுக்கு அனுப்புகிறவருக்குச் சாதாரண 033 எண்ணைவிடக் கட்டணம் கூடலாம். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் ஊர்க் குறியீட்டு எண் தரும் சேவையைப் பாருங்கள். மருத்துவ, அடையாள ஆவணங்கள் வருமானால் அந்த மின்னஞ்சல் பெட்டியை வீட்டில் எல்லோரும் திறக்கும் கணினியில் விட்டுவைக்காதீர்கள். தனிநபர் தகவலைக் காக்கும் பொப்பியா சட்டம் வீட்டு அலுவலகத்துக்கும் சேர்த்துத்தான்.

ரிப்போர்ட்டில் ‘ஓகே’ என்று வருவது, எதிர்முனை மெஷின் ‘பக்கம் வந்தது’ என்று கடைசியில் திருப்பிச் சொன்னதற்கு அடையாளம். படிக்கும்படி வந்ததா, யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. அவசரக் காகிதம் என்றால் ஒரு போன் போட்டு, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை வாசிக்கச் சொல்லுங்கள். மின்னணு ஆவணங்களுக்கு 2002ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உயில், நிலம் கைமாறும் ஒப்பந்தம், 20 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை, மாற்றுச்சீட்டு (‘பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்’) ஆகியவற்றை அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அவற்றுக்குக் காகிதமும் மைக் கையெழுத்தும்தான்.

முப்பது வருஷமாக இருக்கும் 031 எண்ணை விட மனமில்லை. – மெரபேங்க்

விட வேண்டியதில்லை, புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். பழைய லைனை நீங்களாக ரத்து செய்யாதீர்கள், ரத்தான எண்ணை மாற்றித் தர முடியாமல் போய்விடும். புதிய நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்திட்டு, கடைசி பில்லோடு கொடுங்கள். பில்லில் இருக்கும் பெயரும் உங்கள் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். காலமான அப்பாவின் பெயரிலேயே லைன் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அங்கே முதலில் பெயரை மாற்றிவிட்டுத்தான் எண்ணை மாற்ற முடியும். எண் போய்ச் சேர்ந்து, ஒரு ஃபேக்ஸ் உள்ளே வந்து, ஒன்று வெளியே போன பிறகு பழைய கணக்கைக் கவனியுங்கள்.

அந்த லைனில் அலாரம் பெட்டியும் மாட்டியிருந்தால் காவல் நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதுவும் ஃபேக்ஸ் போல ஒலியில் பேசும் சாதனம்தான், கோளாறும் அதே கோளாறு. அதைக் கைபேசி சிம் வழியே பேசும் கருவிக்கு மாற்றுவதே சரி.