குதித்தவர் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோஜர் மூர் 2008இல் வெளியிட்ட தன்வரலாறான ‘மை வேர்ட் இஸ் மை பாண்ட்’ நூலைச் சென்ற வாரம் படித்து முடித்தேன். ஏமாற்றமே மிஞ்சியது. ஏழு ஜேம்ஸ் பாண்ட் படங்களில் நடித்தவர், எவரைப் பற்றியும் கடுமையாக எழுதத் துணியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கைக் கதைகள்தாம். ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ தொடக்கத்தில் பனிமலை விளிம்பிலிருந்து அவர் குதிக்கும் காட்சியைச் சிறுவயதில் மூச்சடக்கிப் பார்த்தவன் நான். அந்த வீரருக்குள் இருந்தது இவ்வளவுதானா? இத்தகைய நூல்களை இலக்கியமாகக் கொள்ளலாமா? கானரி, மூர் இருவரில் உங்களுக்கு உகந்த பாண்ட் யார்?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

கானரியா மூரா என்பது அவரவர் எந்த வயதில் எந்தப் படத்தை முதலில் பார்த்தார் என்பதைப் பொறுத்தது, அதை விட்டுவிடுவோம். இலக்கியமா என்ற கேள்வியும் எனக்கு முக்கியமில்லை.

கடுமையாக எழுதவில்லை என்ற உங்கள் குறைதான் வருத்தம் தருகிறது. ‘எ வியூ டு எ கில்’ படத்தில் உடன் நடித்த கிரேஸ் ஜோன்ஸைப் பற்றி, நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லையென்றால் ஒன்றும் சொல்லாதிருப்பதே முறை என்று எழுதி, மூர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார். அதே படத்தில் வில்லன் தொழிலாளர்களைக் கும்பலாகச் சுட்டுத்தள்ளும் காட்சியைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்பதையோ வெளிப்படையாகவே சொன்னார். லண்டன் காவலர் ஒருவரின் மகன், துப்பாக்கியை வெறுத்தவர், 1991 முதல் யுனிசெஃப் தூதராகக் குழந்தைகளுக்காக நாடு நாடாக அலைந்தவர். ஆளைத் தூற்றாமல் செயலை மறுக்கத் தெரிந்த ஒருவரின் அடக்கத்தை வெறுமை என்று நீங்கள் அவசரப்பட்டுப் படித்துவிட்டீர்கள்.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறொரு சொல்லுக்காக. ‘அவர் குதிக்கும் காட்சி’ என்கிறீர்கள். அவர் குதிக்கவில்லை, எம். குதித்தவர் ரிக் சில்வெஸ்டர். 1972இல் கலிபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து பனிச்சறுக்கிப் பாய்ந்து பாராசூட்டில் இறங்கிக் காட்டியவர். 1976இல் கனடாவின் பாஃபின் தீவில் உள்ள ஆஸ்கார்டு மலை உச்சியிலிருந்து, மூருக்காக, மூரின் உடையில் பாய்ந்தார். ஜான் க்ளெனின் தலைமையில் சென்ற இரண்டாம் படப்பிடிப்புக் குழு, வானிலை சற்றே வழிவிடட்டும் என்று நாள்கணக்கில் காத்துக் கிடந்து எடுத்த காட்சி அது. மூரோ உயரத்துக்கு அஞ்சியவர். இத்தகைய சாகசங்களைத் தாம் செய்வதில்லை என்று பேட்டிகளில் தயங்காமல் சொன்னவர். அவரே தமக்கு உரிமை கோராத ஒன்றை அவருக்கு எடுத்துக் கொடுக்க உங்களுக்கோ எனக்கோ என்ன உரிமை இருக்கிறது?

‘லிவ் அண்ட் லெட் டை’ படத்தில் முதலைகளின் முதுகில் கால்வைத்து ஓடியவர், ஜமைக்காவில் அந்த முதலைப் பண்ணையை வைத்திருந்த ராஸ் கனாங்கா. ஐந்து முறை முயன்றார். ஒரு முறை முதலை அவர் காலணியைக் கவ்வியது. அவர் பெயரைத்தான் படத்தின் வில்லனுக்கு வைத்தார்கள். ‘ஆக்டோபஸி’யில் ஓடும் ரயிலின் பக்கவாட்டில் தொங்கிய மார்ட்டின் கிரேஸ், சுவரில் மோதி மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ படப்பிடிப்பில், இத்தாலியின் கோர்த்தினாவில், பனிச்சறுக்கு வண்டிக் காட்சியில் பாவ்லோ ரிகோன் என்ற இளைஞர் உயிரையே விட்டார். நடிகரின் முகத்துக்கு வந்து சேரும் புகழில் இவர்கள் எலும்பும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இதையே சொல்லி வருகிறேன், சலித்தாலும் கேளுங்கள்.

என் தாய்மாமன் சென்னை ஸ்டுடியோக்களில் டூப் போட்டவர். குதிரையிலிருந்து விழுந்ததில் அவருடைய இடது மணிக்கட்டு முழுவதும் திரும்பாது. சோற்றுத் தட்டைப் பிடிக்கும்போது உள்ளங்கையை ஏந்தாமல் விரல்களால் இடுக்கிக்கொள்வார். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, நீங்கள் சொல்லும் படத்துக்கு அழைத்துப்போனார். திரையில் மனிதன் விளிம்பைக் கடந்ததும் இசை நின்றது, கொட்டகையே மௌனமாகியது. பிரிட்டிஷ் கொடி வரைந்த பாராசூட் குடை விரிந்தபோது எல்லோரும் விசிலடித்துக் கைதட்ட, மாமா மட்டும் என் தொடையை அழுத்திப் பிடித்து, “கட்டை குடையில பட்டுச்சுடா, பாத்தியா?” என்றார். நான் பார்த்திருக்கவில்லை. கழன்று விழுந்த ஸ்கீ கட்டைகளில் ஒன்று, விரியும் பாராசூட்டை உரசிப் போயிருந்தது. சிக்கியிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருக்க மாட்டார்.

படம் முடிந்து கூட்டம் எழுந்த பிறகும், குதித்தவன் பெயர் வரும் என்று மாமா உட்கார்ந்தே இருந்தார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க என்னையும் இருத்திக்கொண்டார். வாயிலைத் திறந்துவிட்டார்கள், விளக்கு எரிந்தது, ஆப்பரேட்டர் ரீலை நிறுத்திவிட்டார். சில்வெஸ்டர் என்ற பெயரை நான் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டபோது, சொல்வதற்கு மாமா இல்லை.

அந்தக் காட்சியை இன்றிரவு இன்னொரு முறை பாருங்கள், எம். குடை விரியும் கணத்தில் அந்தக் கட்டையைக் கவனியுங்கள்.