‘சமாளிச்சுப் போங்கடே’ என்கிற முதலாளி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாலுவழிச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் நைட் டூட்டி பார்க்கிறேன். போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு பைக்கில் வந்த ரெண்டு பேர் 200 ரூபாய்க்குப் போட்டுவிட்டு, ஜிபே பண்ணியாச்சு என்றார்கள். ஸ்பீக்கர் பெட்டி சத்தமே காட்டவில்லை. "கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்ற பையனை ஹெல்மெட்டால் மண்டையில் அடித்ததில் ஐந்து தையல். "இந்தப் பக்கந்தான வருவோம், பாத்துக்கிடுதோம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளியோ, "சமாளிச்சுப் போங்கடே, கேசு கீசெல்லாம் வியாபாரத்துக்கு ஆகாது" என்கிறார். என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், வள்ளியூர்)

பதில்: முதலில் அன்றைக்கு ராத்திரி கேமரா பதிவை ஒரு பென்டிரைவில் ஏற்றி வையுங்கள் தம்பி, சில வாரம் போனால் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். தையல் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘தாக்கியதால் காயம்’ என்று இருக்கிறதா, ‘கீழே விழுந்தார்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடப் போனது முதலாளி என்றால் எனக்கு ரெண்டாவது மேல்தான் சந்தேகம். பையனுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால் இது வேலையில் பட்ட காயம், லீவு நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும்.

புகார் கட்டாயம் கொடுக்க வேண்டும், ஆனால் பங்கின் லெட்டர்பேடில், முதலாளி கையெழுத்தோடு. அடியை விட அந்த ‘பாத்துக்கிடுதோம்’தான் எனக்கு உறுத்துகிறது. முறப்பநாட்டில் 2023 ஏப்ரலில் மணல் திருட்டு பற்றிப் போலீசில் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரைச் சில நாட்களிலேயே அலுவலகத்துக்குள் புகுந்து வெட்டினார்களே, அதே வருடம் செப்டம்பரில் ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, வேகமான தீர்ப்புதான், ஆனால் புகார் கொடுத்த மனுஷன் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பகை ஒரு தனி ஆள் தலையில் விழுகிற மாதிரி வைக்கக் கூடாது. மிரட்டலையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

இனிமேலுக்கு என்றால், ராத்திரி பத்துக்கு மேல் முதலில் பணம், அப்புறம் பெட்ரோல் என்று போர்டு வைக்கச் சொல்லுங்கள். ஒற்றை ஆளாக யாரும் நிற்க வேண்டாம். இன்னொன்று, யாரும் வெளியே சொல்லாதது: பணம் கொடுக்காமல் ஓடினால் அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்களா? பிடிக்கிற இடத்தில்தான் பையன்கள் வண்டிச் சாவியைப் பிடுங்கப் போய் அடி வாங்குகிறார்கள். போன 200 ரூபாய் முதலாளி கணக்கில் போகட்டும், நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்துவிட்டு ஆளை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏழே பேர் வேலை பார்க்கிற ஜவுளிக்கடை. சூப்பர்வைசர் குடோனில் வைத்துக் கையைப் பிடித்து இழுக்கிறார். கடையில் கமிட்டி எதுவும் கிடையாது, யாரிடம் சொல்ல?
(வாசகி, வண்ணார்பேட்டை, திருநெல்வேலி)

பதில்: பத்துப் பேருக்குக் குறைவான கடைகளுக்காகவே, வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தில் மாவட்ட அளவில் ஒரு புகார் கமிட்டி உண்டு. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் சமூக நலத்துறை எங்கே என்று கேட்டுப் போங்கள். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால் தேதி முக்கியம், ஒரு நோட்டில் நாள், நேரம், என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கே குறித்துவிடுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 181-க்குப் போன் போடுங்கள். அதுவரை குடோனுக்குத் தனியாகப் போகாதீர்கள் அம்மா, சரக்கு எடுக்க இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள்.