டிஸ்க் ரேக்: இரண்டு கம்பிகள் போதும்

வணக்கம் அண்ணா,

அமெரிக்காவில் சார்லட் நகரில் இருக்கிறேன். ஹார்னெட்ஸ் நெஸ்ட் பார்க்கில் டிஸ்க் கோல்ஃப் ஆட ஆரம்பித்து, இப்போது வீட்டில் 130 டிஸ்க்குக்கு மேல் சேர்ந்துவிட்டது. எல்லாம் கராஜில் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கிக் கிடக்கின்றன. தேடுகிற டிஸ்க் எப்போதும் அடியில்தான் இருக்கிறது. நானே ஒரு ரேக் செய்யலாம் என்று இருக்கிறேன். மரப்பலகையில் துளை போட்டு அரை அங்குல பிவிசி குழாய் செருகினால் செலவு குறையும். அது தாங்குமா? அப்புறம், எந்த வரிசையில் அடுக்குவது? நிறவாரியாக அடுக்கினால் அழகாக இருக்கும் என்கிறார் மனைவி.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பிவிசி வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வருகிறது.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் டிஸ்க்கை எறிந்து விழவைப்பதுதான் டிஸ்க் கோல்ஃப். கூடையை வடிவமைத்தவர் எட் ஹெட்ரிக். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் முதல் நிரந்தர மைதானம் அமைந்தது. அன்றைக்கு எறிந்ததெல்லாம் சாதாரண ஃபிரிஸ்பி மாதிரித் தட்டுகள். 1983 வாக்கில் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் சீவிய டிஸ்க்கைக் கொண்டுவந்த பிறகுதான் தூரம் போவதற்கு ஒன்று, நேராகப் போவதற்கு ஒன்று, வளைவதற்கு ஒன்று என்று வகைகள் பெருகின. உங்கள் கராஜ் நிரம்பியதற்கு மூலகாரணம் அந்தச் சரிவு விளிம்புதான்.

வகை எத்தனை இருந்தாலும் அளவு பெரிதாக மாறுவதில்லை என்பது ரேக் செய்பவருக்கு நல்ல செய்தி. போட்டிக்கான டிஸ்க் 21 செ.மீ. விட்டத்துக்குக் குறையக்கூடாது என்பது டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதி. தூரத்துக்கு எறிகிற டிரைவர்கள் அந்த எல்லையை ஒட்டியே இருக்கும், கூடைக்கு அருகிலிருந்து எறிகிற பட்டர்கள் ஒரு நூல் கூடுதலாக இருக்கும். ஆகவே எட்டே கால், எட்டரை அங்குலம் என்று வைத்துக்கொண்டு முழு ரேக்கையும் திட்டமிடலாம்.

நம் வீட்டு எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி, இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் செங்குத்தாக உட்கார வேண்டும். அடித்தட்டு தேவையில்லை. கம்பிகளுக்கு இடையில் மையத்திலிருந்து மையத்துக்கு 6 அங்குலம் விடுங்கள். பின்கம்பியை முன்கம்பியைவிட முக்கால் அங்குலம் தாழ்த்துங்கள். டிஸ்க் தானாகப் பின்னால் சாய்ந்து நிற்கும், முன்னால் உருண்டு விழாது. ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் 10 அங்குலம் போதும். டிஸ்க் போக மிச்சம் விரல் நுழைய.

இப்போது கம்பி. ஒரு டிஸ்க் 170 கிராம் சொச்சம்தான், ஆனால் மூன்றடி வரிசை நிரம்பினால் 7 கிலோவைத் தொடும். அந்தப் பாரம் கீழே மட்டும் அழுத்துவதில்லை. வட்டமான பொருள் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உட்காரும்போது ஆப்பு மாதிரி அவற்றைப் பக்கவாட்டிலும் விலக்கும். கம்பி விலக விலக டிஸ்க் கீழே இறங்கும், இறங்க இறங்க இன்னும் விலக்கும். அரை அங்குல பிவிசி மூன்றடி நீளத்தில் வைத்த அன்றே அரை அங்குலத்துக்கு மேல் தொய்யும். நாளாக ஆக, அதிலும் கோடை வெப்பத்தில், தொய்வு கூடுமே தவிர நிமிராது. மெல்லிய மரக்கம்பியும் அரை அங்குலத்தை நெருங்கும். மின்சார ஒயர் ஓட்டுகிற அரை அங்குல இஎம்டி இரும்புக் குழாய் அதே பாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளையும். அதுவே வாங்குங்கள். பத்தடிக் குழாய் ஒன்றில் மூன்றடித் துண்டு மூன்று கிடைக்கும். நான்கு அடுக்குக்கு எட்டுத் துண்டு, ஆக மூன்று குழாய். வெட்டிய வாயை அரத்தால் தேய்த்துவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

பலகைக்கு 12 அடி நீள 2×10 ஒன்று. கடையில் பெயர்தான் 2×10, உண்மை அளவு ஒன்றரைக்கு ஒன்பதே கால் அங்குலம். டிஸ்க்கின் அகலத்துக்கு அது கச்சிதம். மூன்றாக அறுத்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவுக்கும் நான்கடிப் பலகைகள். பக்கப் பலகைகளில் முக்கால் அங்குலத் துளையை முக்கால் அங்குல ஆழத்தோடு நிறுத்துங்கள். நடுப்பலகையில் மட்டும் துளை மறுபக்கம் வரட்டும். அளவு குறிக்கும்போது பக்கப் பலகைகளை அருகருகே, உட்புறம் மேலே தெரிய, பின்விளிம்புகள் ஒட்டியிருக்கக் கிடத்துங்கள். இரண்டையும் ஒரே மாதிரி துளைத்தால் ஒன்றில் பின்கம்பி முன்னால் வந்துவிடும். குழாய் இவ்வளவு உறுதியாக இருக்க நடுப்பலகை எதற்கு என்று கேட்பீர்கள். அது பாரத்துக்கு அல்ல. வரிசை பாதி காலியாக இருக்கும்போது டிஸ்க்குகள் பக்கவாட்டில் சரியாமல் அணைத்துக்கொள்ள.

பின்புறம் மேலும் கீழும் 1×4 சட்டம் இரண்டு திருகி, மேல்சட்டத்தின் வழியாகச் சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் ஸ்டட் என்ற மரச்சட்டத்தில் திருகுங்கள். நிரம்பினால் டிஸ்க் மட்டுமே 30 கிலோ வரும். குழந்தை பிடித்து ஏறினாலும் சாயக்கூடாது. சுவர் வீட்டுக்குள் இருக்கட்டும். கோடையில் மூடிய கராஜின் சூட்டில், பெட்டியில் கோணலாகக் கிடக்கும் டிஸ்க் அந்தக் கோணலிலேயே நின்றுவிடும். ஜன்னல் வெயிலும் வேண்டாம், சாயம் வெளுக்கும்.

வரிசை பற்றி. உங்கள் மனைவியின் யோசனை அழகானதுதான், ஆனால் ஆடப் போகிறவனுக்கு நிறம் எதுவும் சொல்லாது. வேக எண்ணின்படி அடுக்குங்கள். எவ்வளவு வேகமாக எறிந்தால் டிஸ்க் ஒழுங்காகப் பறக்கும் என்பதைக் காட்டும் எண் அது. டெஸ்ட்ராயர் போன்ற 12 வேக டிரைவர்கள் மேலே, லெப்பர்டு போன்ற 6 வேகம் அடுத்து, பிறகு பஸ் (Buzzz), ராக் (Roc) முதலான நடுத்தூர மிட்ரேஞ்சுகள், கடைசியில் ஏவியார் வகைப் பட்டர்கள்.

ஒவ்வொரு மாடலுக்குள்ளும் புதிதை இடப்பக்கம், பழையதை வலப்பக்கம் வையுங்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் பக்கத்து மைதானங்களில் மரம் அதிகம். ஒரு டிஸ்க் மரத்தில் மோத மோத அதன் குணம் மாறுகிறது. வலக்கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து, எறிந்தால் முடிவில் இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்த ராக், அடிபட்டபின் நேராகப் போகும், இன்னும் அடிபட்டால் வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். மூன்று ராக்குகளை அருகருகே நிறுத்தி விளிம்பை விரலால் வருடிப் பாருங்கள். புதியதில் வார்ப்பின் மெல்லிய கோடு தட்டுப்படும். நடுவில் உள்ளதில் அது தேய்ந்திருக்கும். பழையதில் விளிம்பு சொரசொரவென்று, பட்டை பெயர்ந்த இடத்தில் பச்சைக் கறையோடு இருக்கும். பெயர் ஒன்று, கையில் இருப்பது மூன்று டிஸ்க். பெட்டியில் கிடக்கும்வரை இது கண்ணில் படாது. விளிம்பு வெளியே தெரிய நிற்கும்போது, இன்று காற்றுக்கு எது வேண்டும் என்று நின்ற இடத்திலேயே எடுத்துவிடலாம்.

விளிம்பு தெரிந்தால் மேல் அச்சு மறையும், சரி. எறிய மனமில்லாத நாலைந்தைச் சுவரில் தனியே மாட்டுங்கள். ஹெட்ரிக் 2002-இல் இறந்தபோது அவர் விருப்பப்படியே அவரது சாம்பலைக் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால் நானும் எறியமாட்டேன். மற்றதெல்லாம் எறிவதற்கே.

ஈரத்தோடு ரேக்கில் வைக்காதீர்கள். உள்விளிம்பின் மடிப்பில்தான் சேறு தங்கும், அங்கே துணியை விட்டுத் துடையுங்கள். குழாய் வெட்டுவதற்கு முன் எல்லா டிஸ்க்கையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அல்டிமேட் ஆடுகிற பெரிய தட்டுகள் இருந்தால் அவை கிட்டத்தட்ட 11 அங்குலம் வரும். அவற்றை மேலே தடையில்லாத உச்சி அடுக்கில் வைத்துக்கொள்ளலாம், மற்ற அளவு எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அன்புடன்,
அண்ணன்